குளியலறையில் மஞ்சள் தீ

ரமலான் பிறை 12, இரவு

கேஸ் கீசரில் வெந்நீர் சரியாக வரவில்லை என்று இன்று காரிமங்கலத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தோம். மூடியைக் கழற்றியதும் அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே எங்கும் கரி.

"தீ நீலமா எரியணுங்க. இது மஞ்சளா எரியுது பாருங்க. மேல வென்டிலேட்டர யாருங்க அடைச்சது?"

நான்தான். விடியற்காலைக் குளிர் உள்ளே வருகிறதென்று பழைய தலையணையைத் திணித்து வைத்திருந்தேன்.

"கேஸ் நாத்தமே வரலீங்களே" என்றேன்.

"தீ மஞ்சளா எரிஞ்சா வர்ற விஷப்புகைக்கு வாசனையே கெடையாதுங்க. தாழ்ப்பாப் போட்டுக் குளிக்கிறவங்க அப்படியே சாஞ்சிருவாங்க. இந்த வூட்டுல ஒண்ணும் ஆகாம இருந்ததே பெருசுங்க."

கீசரை நிறுத்திவிட்டுப் போனார்.

போன வாரம் மகள் சமீனா குளித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "தல சுத்துதும்மா" என்றாள். "நோன்ப விடறதுக்குச் சாக்கு சொல்லாத" என்று திட்டினேன். அவள் விடியலுக்கு முன் நோன்புக்கான சஹர் சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் பசி மயக்கம் எப்படி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் தலைச்சுற்றல் என்று சொன்னதில்லை. சுற்றவில்லையா, எனக்குப் பயந்து சொல்லவில்லையா? பக்கத்தில்தான் தூங்குகிறாள். எழுப்பிக் கேட்கப் பயமாக இருக்கிறது.