நீலப் புள்ளிப் போத்தல்கள்

2017 ஜூலை 10

பூச்சி, மகளே, உன் கொப்பியில் மீதியிருந்த வெள்ளைத் தாளில்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. பிழை இருக்கும். சிரிக்காதே.

நீ டெங்குக் காய்ச்சலில் போய் முப்பத்தி நாலு நாள். இன்று திரும்பவும் கெம்பஸுக்கு வேலைக்குப் போனேன். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளை எனக்குப் பிடிக்கவில்லை. அது உன் இடம். நீ ஆராய்ச்சி செய்த லெப்பில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அதுவும் பிடிக்கவில்லை. உன் மேசையில் அந்தத் தனபாலன். நீ விட்ட வேலையை இனி அவன்தான் செய்வானாம். அந்த டெங்கு அவனுக்கு வந்திருக்கக் கூடாதா?

எழுதிவிட்டேன். வெட்ட மாட்டேன்.

ஜூலை 13

போத்தல் கழுவுகிறவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறான். நீ பஸ்ஸில் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த வெள்ளைப் பொடியைச் சூட்டில் கரைத்து ஆற விட்டால் கற்கண்டு மாதிரிப் பளிங்கு வரும். ஸ்பிரிட்டில் கரைத்தால் முதல் பளிங்கு வர மூன்று நாளாகும். தின்னர் மாதிரி நாறுமே, டொலுயீன், அதில் கரைத்தால் மறுநாள் காலையிலேயே வந்துவிடும்.

"ஸ்பிரிட்டு அந்தப் பொடிய இறுக்கிப் புடிச்சிக்கிதும்மா, விடமாட்டேங்குது. மத்தது அப்பிடிப் புடிக்கிறதில்ல. அதனால பொடி சீக்கிரமா ஒண்ணோட ஒண்ணு சேந்துருது."

"ஸ்பிரிட்டு மாமியார் மாதிரின்னு சொல்லு" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தாய்.

அவன் டொலுயீனில் போட்டு மூன்று நாள் ஆச்சு. தண்ணீர் மாதிரித் தெளிவாக நிற்கிறது. நிற்கட்டும்.

ஜூலை 19

தரை துடைத்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே இருக்கிறேன் என்றே தனபாலனுக்கும் மேடத்துக்கும் நினைப்பில்லை.

"பதினொரு போத்தல் மேடம், ஒண்டிலயும் வரேல்ல. சுகந்தினி எழுதினது போல வராது."

உன்னைப் படிப்பித்த றமீஸா மேடம் சொல்கிறாள்: "அப்ப அந்தப் பிள்ள பாக்காமலே எழுதிச்சா?"

இந்த மாதம் முடிவதற்குள் வராவிட்டால், அச்சுக்குப் போகிற கட்டுரையிலிருந்து அந்தப் பகுதியையும் உன் பெயரையும் எடுத்துவிடுவார்களாம். செத்தவளைப் பொய்க்காரி ஆக்குகிறார்கள். எம்புள்ளய! அவன் காலடியில் வாளித் தண்ணியை வேண்டுமென்றே ஊற்றினேன்.

ஜூலை 20

பூச்சி, நீ பார்த்துத்தானே எழுதினாய்?

ஜூலை 24

தனபாலன் வந்து கேட்டான்: "அன்ரி, சுகந்தினியின்ர போத்தல்கள் உங்களிட்டயோ இருக்கு?"

"நான் ஒனக்கு அன்ரியுமில்ல, மாமியுமில்ல."

ஆனாலும் கொடுத்தேன். நகப் பூச்சால் நீலப் புள்ளி வைத்திருந்தாயே, அந்தப் பன்னிரண்டும். என் சாமான் பெட்டியில் சுற்றி வைத்திருந்தேன். கொடுப்பதற்கு முன் எப்போதும் போலக் கழுவினேன். மற்றவர்கள் போத்தலெல்லாம் காய்வதற்குச் சூட்டுப் பெட்டிக்குள் போகும். உன்னுடையதை மட்டும் இன்னொரு தரம் நல்ல தண்ணியில் அலசி, ஜன்னலோரம் என் பழைய சாரியை விரித்துக் கவிழ்த்து வைப்பேன். கண்டவன் போத்தலோடு உன்னுடையது சேரக் கூடாது. காலையிலிருந்து தூறல். பகலுக்கு முன்னால் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 25

வந்துருச்சு! பன்னிரண்டிலும்! கண்ணாடி ஓரமாக ஊசி ஊசியாக.

"கண்ணு தெரியுதா தம்பி? இல்ல மூக்குக் கண்ணாடி ஒண்ணு வாங்கித் தரவா?"

அவன் கோபப்படவில்லை. ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தான். "அன்ரி, இதுகளை எங்க காய வைச்சனீங்கள்?"

"சூட்டுப் பெட்டியிலதான். வேற எங்க?"

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொன்னது.

ஜூலை 28

மேடம் அவனை எல்லோர் முன்னாலும் ஏசினாள். முந்தின பதினொன்றையும் அவன்தான் கெடுத்தானாம், கவனமில்லாதவனாம். முதலிலிருந்து செய்யட்டுமாம். அவன் பகல் சாப்பிடவில்லை. நான் அவனுக்கு எதிரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டேன். என்ன கறி என்று இப்போது கேட்டால் தெரியாது.

ஆகஸ்ட் 2

பெரஹரா திருவிழாக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. பிந்தித்தான் போனேன். அவன் எனக்காகக் காத்திருந்தான், கையில் உன் ஆய்வுக் கொப்பி. எல்லாம் இங்கிலீஷ். ஓரிடத்தில் விரலை வைத்தான். மார்ச் மூன்று. சின்னதாக ஒரு சொல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, இரண்டுக்கும் குறுக்கே ஒரு கோடு.

"'தண்ணி?' எண்டு எழுதி, தானே வெட்டியிருக்கிறா. இந்தக் கொப்பியில வேற ஒண்டையும் அவ வெட்டேல்ல."

டொலுயீனும் தண்ணியும் கலக்காதாம். கண்ணாடியில் ஒரு சொட்டு ஈரம் ஒட்டியிருந்தாலும் பளிங்கு அதைப் பிடித்துக்கொண்டு தொடங்குமாம். காய்ந்த போத்தலில் வெறுமனே நிற்குமாம்.

"மேடத்துட்ட காட்டுனியா?"

"இல்ல. உங்களிட்டத்தான் முதல் வாறன். அவ பொய் எழுதேல்ல அன்ரி. கண்டதைத்தான் எழுதினவ."

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தாதவனை என்ன செய்வது?

ஆகஸ்ட் 4

சொல்லிவிட்டேன். "துணியிலதான் காய வச்சேன் மேடம். அவ போத்தல மட்டும். தம்பி மேல பிழையில்ல."

"சூட்டுப் பெட்டியில வைக்கணுமெண்டு எழுதி ஒட்டியிருக்கே, வாசிக்கல்லயா?"

"வாசிச்சேன்."

ஆகஸ்ட் 11

டொலுயீனில் சீக்கிரம் வரும் என்ற உன் கணக்கு போய்விட்டது. உன் பெயர் இருக்கிறது. ஈரத்தால் வந்ததை முதலில் கண்டவள் என்று. தனபாலன் இப்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணி விட்டுப் பார்க்கிறான். போத்தல் கழுவ ரத்தினம்மாவைப் போட்டுவிட்டார்கள். எனக்குப் படிக்கட்டு கூட்டுகிற வேலை. அவன் படியிறங்கி வந்து, "ஒரு சொட்டுப் போதும் அன்ரி, வருது" என்றான். நான் அடுத்த படியைக் கூட்டினேன். அன்ரி என்று கூப்பிடாதே என்று சொல்லவில்லை.

மார்ச் மூன்றாம் திகதியும் ஜன்னலில் என் சாரி விரித்துத்தானே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தானே அந்தச் சொல்லை எழுதினாய்? பிறகு வெட்டினாயே பூச்சி — பிழையாக நினைத்துவிட்டோம் என்றா, இல்லை அம்மாவை ஏசுவார்கள் என்றா?