ஆறாம் நம்பர் வீட்டு வாசல்

என் கட்டெறும்புக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம்தான், முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. நாற்பது வயதை எட்டப் போகிறவளைக் கட்டெறும்பு என்று கூப்பிடுகிறேனே என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும், மூன்று வயதில் நீ கடித்த தழும்பு என் கையில் அப்படியே இருக்கிறது, பேரை மட்டும் எப்படி மாற்றுவது. பேரனுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பதாகச் சொன்னாய், கெட்டியாக எதையும் கடிக்க விடாதே, வலிக்கிறது என்று சொன்னால் சாக்கு என்று நினைத்துத் திட்டாதே. நீயும் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறாய், நடுவில் எழுந்து நாலு எட்டு நட, இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு நடக்கலாம் என்று இருக்காதே.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போன் நம் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லையம்மா. அப்பா பேச்சு வந்தால் நீ முதலில் அழுகிறாய், உன்னைத் தேற்றுகிறேன் என்று ஆரம்பித்து நானும் அழுகிறேன், அப்புறம் எப்படியோ பீரோ சண்டையில் போய் முடிகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம், தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். மூன்று வாரமாக அந்தப் பீரோவுக்காக என்னோடு மல்லுக்கு நின்றாயே, பீரோ மேல் ஒரு குற்றமும் இல்லை. நான்தான் உன்னிடம் பொய் சொன்னேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பேரைப் பதிந்து வைத்த அந்த மூத்தோர் குடியிருப்பில் இரண்டு வீடு காலியாகியிருக்கிறது, மாதக் கடைசிக்குள் எது வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும் என்று கடிதம் வந்ததல்லவா, அன்றைக்கே சித்திக்குச் சொல்லி அனுப்பினேன். எனக்குப் பாதி மனசுதான். ஆனால் இந்த மூன்றாவது மாடியில் அப்பா இல்லாமல் ஒன்பது மாதம் ஓட்டிவிட்டேன், முழங்காலுக்குப் பயந்து வாரத்துக்கு ஒரு தடவைதான் கீழே இறங்குகிறேன், சில நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே விளக்கை அணைக்கிறேன். நீ கவலைப்படுவது நியாயம்தான் என்று எனக்கும் தெரிகிறது. சித்தி வந்ததும் வராததுமாக, அக்கா அழுமூஞ்சியா வராத, நம்மள அங்க தள்ளிட்டுப் போற மாதிரி இருக்கும், ஒரு நல்ல புடவையைக் கட்டு, வீடு பாக்கப் போறோம், ஆஸ்பத்திரிக்கா போறோம் என்று ஒரு அதட்டல் போட்டாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயதாகிறது, இன்னும் கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரிதான் எங்கே போனாலும் கிளம்புகிறாள்.

இடம் நன்றாக இருக்கிறது, அதில் பொய் இல்லை. மாடிப்படியே கிடையாது, எல்லாம் தரைதான். ஒரு பக்கம் புதிதாகக் கட்டின வரிசை, ஒரு பக்கம் பழைய வரிசை, நடுவில் சாப்பாட்டுக் கூடம், ஒரு சின்ன மருந்து அறை, துணி துவைக்கிற மெஷின்கள் வைத்த அறை. எல்லாருக்கும் கையெட்டும் உயரத்தில் சுவரோரமாகப் பிடித்து நடக்கக் கம்பி போட்டிருக்கிறார்கள். முதலில் புது வரிசையில் இருபத்தோராம் நம்பரைக் காட்டினார்கள். கடைசி வீடு, ஒரு சத்தம் கிடையாது, தரையில் முகம் பார்க்கலாம், குளியலறையில் பட்டனைத் தட்டினால் நர்ஸ் ஓடி வருவார்களாம். சித்தி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடி, அக்கா நீ இங்க டான்ஸே ஆடலாம் என்றாள். வீட்டைச் சுற்றிக் காட்டின ஆபீஸ் பெண்ணும், இதத்தாம்மா எல்லாரும் கேக்கறாங்க என்றது. எனக்கு என்னவோ பெட்டிக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே மதில் சுவர், ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. இந்த அமைதிதான் எனக்கு வீட்டிலேயே நிறைய இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பழைய வரிசையில் ஆறாம் நம்பர். துணி துவைக்கிற அறைக்கு அடுத்த வீடு, சுவரில் காதை வைத்தால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும், அதனால் யாரும் வேண்டாம் என்கிறார்களாம். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி லாண்டரியில் நின்றவளுக்கு அது சத்தமா. ஜன்னல் சமையல் மேடைக்கு நேரே இருக்கிறது, வெளியே நடைபாதை, துணிக்கூடையோடு போகிறவர்கள், தோட்டக்காரர், தபால்காரர் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்த்த உடனே மனசு போய் ஒட்டிக்கொண்டது. அந்த நிமிஷம் பார்த்து நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். நிலை தாழ்வு. எப்போதோ தரையை உயர்த்திப் புதுக் கல் பதித்தார்களாம், வாசல் நிலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. உடனே, இது வேண்டாம்மா, இடிக்கும் என்று என் வாய் சொல்லிவிட்டது. ஆபீஸ் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யாருக்கும்மா இடிக்கும், நீங்க அஞ்சடி கூட இருக்க மாட்டீங்களே என்று கேட்டது. பாவம், சாதாரணமாகத்தான் கேட்டது. சித்திக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. நான் சட்டென்று, பீரோவுக்கு என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். அந்தப் பெண் ஓடிப் போய் டேப் கொண்டுவந்து நிலையை அளந்தது. சித்தி, பீரோ என்ன நின்னுக்கிட்டா நடந்து வரும், படுக்கப் போட்டுத் தூக்கினா வந்துட்டுப் போகுது என்றாள். நான் விடாமல், அது பழைய பீரோ, படுக்க வைத்தால் கதவு கழன்றுகொள்ளும் என்றேன். இதைத்தான் சித்தி உனக்குச் சொன்னாள், நீ போன் போட்டு, பீரோவ வித்துடும்மா, நான் சின்னதா ஒண்ணு வாங்கித் தரேன் என்றாய், நான் அழுதேன், கேவலம் ஒரு பீரோவுக்கு அழறியேம்மா, உனக்கு அங்க போகவே இஷ்டம் இல்லன்னு சொல்லிடு என்று நீ கோபித்துக்கொண்டாய். இஷ்டம் இல்லாமல் இல்லை கண்ணு. நீ பீரோ பீரோ என்றபோதெல்லாம் எனக்கு உன் அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிற்பதுதான் கண்ணில் வந்தது.

உனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே இருந்து ஒரு வழக்கம் எங்களுக்கு. வாடகைக்கு எந்த வீடு பார்க்கப் போனாலும் முதலில் அவர்தான் உள்ளே போவார். வாசல், சமையலறை, குளியலறை, மூன்று நிலையிலும் நிமிர்ந்து நடந்து பார்ப்பார், நான் வெளியே நின்று குனி குனி என்று கத்துவேன். ஆறடி மூன்று அங்குலம் ஆயிற்றே. தெருவிளக்கு மாற்றுகிற வேலைக்குப் போகும்போது அவரோடு வேலை செய்கிறவர்கள், ஏணி வந்தாச்சு, வண்டில இருக்கற ஏணிய எறக்க வேணாம் என்று கிண்டல் செய்வார்களாம், கடைசியில் ஏணி என்பதே அவர் பேராகிவிட்டது. நீ பிறந்த வீட்டில் சமையலறை நிலை தாழ்வு என்று என் பழைய ரவிக்கையில் சிவப்புத் துணி கிழித்துத் தொங்கவிட்டிருந்தோம், துணி நெற்றியில் பட்டால் குனிய வேண்டும் என்று கணக்கு. நீ அதைத் தொட வேண்டும் என்று குதித்துக் குதித்து விழுவாய். அவர் தோளில் உட்கார்ந்து போய் ஒரு தடவை நீயும் நெற்றியில் வாங்கினாய், அதற்கப்புறம் இன்னும் மோசம், நிலை உயரம் பார்க்காமல் வீட்டுக்காரரிடம் வாடகை கூடக் கேட்க மாட்டார்.

உன்னிடம் இதுவரை சொல்லாதது ஒன்று இருக்கிறது. நீ மூன்றாவது படிக்கும்போது உன் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே ஒரு வீடு வந்தது. சமையல் மேடைக்கு நேரே ஜன்னல், நின்றபடியே நீ பள்ளிக்கூட வாசலில் நுழைவதைப் பார்க்கலாம். லாண்டரியில் ஜன்னலே இல்லாத அறையில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு அந்த ஜன்னல் எப்படி இருந்திருக்கும், நீயே சொல். குளியலறை நிலை மட்டும் தாழ்வு. உன் அப்பா வெளியே வந்து, வீடு நல்லாத்தான் இருக்கு, என் தலைக்குத்தான் பிடிக்கல என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆளு தல நிமிர்ந்து குளிக்கறதுக்காக நான் காலம் பூரா செவுத்தப் பாத்துட்டு ஆக்கணுமா என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் காலையில் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார், அதுவும் ஆறிப் போன டீ, அதோடு பேசிவிட்டேன். ஆனால் ஜன்னலை மறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து அதே ஜன்னல் ஆறாம் நம்பரில் இருக்கிறது. அவர் போன பிறகு, அவர் தலை இடிக்கிற வீட்டை, எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். வேறு ஒன்றும் இல்லை.

போன வியாழக்கிழமை சித்திக்குச் சொல்லாமல் நானே பஸ் ஏறிப் போனேன். பயப்படாதே, மெதுவாகத்தான் ஏறி இறங்கினேன். ஆபீஸ் பெண் சாவி எடுக்கப் போயிருந்தது. அதுவரைக்கும் துணி துவைக்கிற அறையை எட்டிப் பார்த்தேன். ஏழாம் நம்பர் வீட்டுக்காரம்மா, முன்னாள் டெலிபோன் ஆபீஸ் வேலை, தனியாக ஒரு பெரிய படுக்கை விரிப்போடு போராடிக்கொண்டிருந்தார். ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு இன்னொரு முனையைத் தேடுகிறார். என் கை சும்மா இருக்குமா. நான் பாட்டுக்குப் போய் அந்தப் பக்கத்து இரண்டு மூலையையும் எடுத்தேன். இழுத்து உதறி, நடுவில் சேர்த்து, மூலைக்கு மூலை வைத்துக் கொடுத்ததும் அந்தம்மா விரிப்பையும் பார்க்கிறார் என்னையும் பார்க்கிறார். எந்த ஆஸ்பத்திரில இருந்தீங்க, இது வீட்டு மடிப்பு இல்லையே என்று கேட்டார். அப்படியே பேச்சு வளர்ந்து நான் ஆறாம் நம்பர் பார்க்க வந்தேன், நிலை தாழ்வாக இருக்கிறது, எங்கள் வீட்டுக்காரர் ஆறடிக்கு மேல் என்றேன். அதற்கு அவர், எங்க வீட்டுலயும் அதே நிலைதான், என் பையன் உங்க வீட்டுக்காரர் மாதிரி நெட்டை, வருஷத்துக்கு ரெண்டு தடவ வர்றான், ரெண்டு தடவயும் இடிச்சுக்கறான், நாலு தடவ வந்தா பழகிடும்டான்னு சொல்லியிருக்கேன் என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. விரிப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தேன். அப்பா போனதிலிருந்து நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான், எனக்கே யாரோ சிரிக்கிற மாதிரி இருந்தது.

சாவி வந்தது. நான் வாசலில் நின்று கையை உயர்த்தி நிலையைத் தொட்டுப் பார்த்தேன், எனக்கே எட்டுகிறது. அவருக்குப் புருவத்தில் இடிக்கும். அப்புறம் உள்ளே போய் ஜன்னல் பக்கம் நின்றேன். ஏழாம் நம்பர் அம்மா கூடையோடு போகிறவர், சரியா என்கிற மாதிரித் தலையை ஆட்டிக் கேட்டார். நானும் ஆட்டினேன். ஆபீஸ் பெண்ணிடம் போய், ஆறாம் நம்பரே எழுதிக்கம்மா என்றேன். அப்ப பீரோ என்று இழுத்தது. படுக்கப் போட்டுத் தூக்கினா வந்துடும் என்று சொன்னேன். கையெழுத்தும் போட்டாயிற்று. சித்திக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் இருபத்தோராம் நம்பருக்காக ஒரு வாரம் புலம்புவாள், நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.

முதல் தேதி வீடு மாறுகிறேன். நீ லீவு கேட்டு அலையாதே, சித்தி இருக்கிறாள், சாமான் வண்டிக்காரர் இருக்கிறார். புதுப் பீரோவும் வேண்டாம். அப்பாவின் காக்கிச் சட்டை இரண்டையும் யாருக்கும் கொடுக்கவில்லை, அதே பீரோவில்தான் வரும். நேற்று ஒரு வேலை செய்தேன், சிவப்புத் துணியில் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கிழித்து ஓரம் தைத்து வைத்திருக்கிறேன், போனதும் வாசல் நிலையில் தொங்கவிடப் போகிறேன். போன படத்தில் பேரன் உன் தோளைத் தாண்டிவிட்டான், அந்தக் காலும் கையும் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். விடுமுறைக்கு வரும்போது அவனை முதலில் விடு, துணி நெற்றியில் பட்டால் குனியச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வா. மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும். குளிருக்கு நான் பின்னிக் கொடுத்ததைப் போட்டுக்கொள், அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே.

இப்படிக்கு,
உன் கடி வாங்கின அம்மா

காகிதத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதனால் கேட்கிறேன். உன் அப்பா இந்த வாசலில் எனக்காகக் குனிந்து உள்ளே வந்திருப்பாரா, இல்லை வெளியிலேயே நின்று வீடு நல்லாத்தான் இருக்கு என்று சிரித்திருப்பாரா?