ஒன்று புள்ளி நான்கு லட்சம்

என் ஆசை அண்ணாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகப்போகிறது. இத்தனை நாள் எழுதாததற்கு வெட்கம்தான் காரணம். உன் படத்துக்குப் பூ வைக்கும்போதுகூட உன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தை ஊரே படிக்கட்டும். உன்னை ஊர் நடுவில் தலைகுனிய வைத்துவிட்டு, மன்னிப்பை மட்டும் வீட்டுக்குள் கேட்டால் எப்படி?

நீ பஞ்சாயத்து மோட்டார் ஆபரேட்டர். போர்வெல் பக்கத்தில் தண்ணீர் அளக்கும் மீட்டர் ஒன்று, ஊர் டேங்க் அடியில் ஒன்று. இரண்டையும் தினமும் பார்த்து நோட்டில் எழுதுவாய். "இன்னாத்துக்குண்ணா நோட்டு? நான் ஃபோன்ல ஒரு ஆப் பண்ணித் தரேன்" என்று உன் ஃபோனை வாங்கிக்கொண்டது நான்தான்.

ஆறு இலக்கத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் தலை சுற்றும் என்று அதில் ஒரு ஃபார்முலா போட்டேன். இணையத்தில் கிடைத்தது ஆயிரத்தை K, பத்து லட்சத்தை M என்று காட்டியது. நம் ஊருக்கு ஏற்றபடி நானே மாற்றினேன். எண் லட்சத்தைத் தாண்டினால் லட்சத்தால் வகுத்து, புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்துக்கு ரவுண்ட் செய்து, 'லட்சம்' என்று ஒட்டிவிடும். கூடுவாஞ்சேரியிலிருந்து ஆபீஸ் போகும் ரயிலில் எழுதியது. அது சரியாக வந்த அன்று பக்கத்து சீட்டு அம்மாவிடம்கூடக் காட்டினேன், அவ்வளவு பெருமை.

பிறகு, டேங்கிலிருந்து கடைசியில் இருக்கும் நம் பின்தெருவுக்குத் தண்ணீர் வராமல் போனது. நீ வால்வைச் சரியாகத் திறப்பதில்லை என்று ஊரே பேசியது. கிராம சபையில் நீ எழுந்து நின்றாய்.

"போர்லேர்ந்து போற தண்ணி முழுசா டேங்குக்கு வர்ல. ஏழாயிரம் லிட்டருக்கு மேல எங்கியோ போய்கினு கீது. பைப்ப தோண்டிப் பாருங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். ஆப் செய்த பெண் ஆயிற்றே நான். ஃபோனைத் தூக்கிக் காட்டி, "ரெண்டும் ஒன்னு புள்ளி நாலு லட்சந்தாண்ணா. ஒரே அளவு. நீதான் தப்பா கணக்கு போட்டுக்கீற" என்றேன்.

கூட்டம் சிரித்தது. "தங்கச்சியே சொல்லிட்ச்சு, அப்பறம் இன்னாப்பா?" என்று யாரோ கத்தினார்கள். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். "சரி, வுடு" என்று உட்கார்ந்துவிட்டாய். அன்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு பஜ்ஜி வேறு வாங்கித் தந்தாய். ஏன் அண்ணா திட்டவில்லை?

அடுத்த மாதம் காய்ச்சலில் படுத்தாய், எழுந்திருக்கவில்லை. அந்த அவமானம்தான் உன்னைக் கொண்டுபோனது என்று சொல்லமாட்டேன், டாக்டர் சொன்ன காரணம் வேறு. ஆனால் கணக்குத் தெரியாதவன் என்ற பெயரோடு போனாயே, அதைக் கொடுத்தவள் நான்.

போன வாரம் ரோடு போடத் தோண்டினார்கள். சவுக்குத் தோப்பு ஓரம் பைப் விண்டு கிடந்தது, சுற்றிலும் மண் சேறாகியிருந்தது. "இது ரொம்ப நாளா ஒழுவிகினு இருந்திருக்கும்மா" என்றார் பைப் ஃபிட்டர்.

ஓடிவந்து ஆப்பைத் திறந்தேன். நீ போட்ட எண்கள் ஓர் இலக்கம் குறையாமல் உள்ளே அப்படியே இருந்தன. திரையில் மட்டும்தான் என் ஃபார்முலா அவற்றைச் சுருக்கியிருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் முழு எண் வரும். அது அன்றைக்கும் எனக்குத் தெரியும், அண்ணா. தட்டவில்லை. என் ஆப்பை நீ தப்பு என்று சொல்வதாக நினைத்து ரோஷப்பட்டேன். ச்சீ, என்ன ஜென்மம் நான்!

பைப்பை மாற்றிவிட்டார்கள், பின்தெருவுக்கு இப்போது தண்ணீர் வருகிறது. அணுபுரத்தில் வேலை முடிந்து வரும் அண்ணி, வாசல் குழாயிலேயே குடம் பிடிக்கிறார். நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தும் குழாயை மூடாமல் நின்றார். "அவரு ராத்திரியெல்லாம் திரும்பத் திரும்பக் கணக்கு போட்டுப் பார்த்துகினே இருந்தாரு, தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

வருகிற கிராம சபையில், நீ நின்ற அதே இடத்தில் நிற்பேன். அந்த நாளின் எண்களைச் சுருக்காமல் படிப்பேன். போரில் ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து எண்ணூறு. டேங்கில் ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரத்து இருநூறு. நடுவில் காணாமல் போனது ஏழாயிரத்து அறுநூறு லிட்டர். என் அண்ணன் சரியாகக் கணக்குப் போட்டான் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

உன்னைத் தப்பு என்று சொன்ன,
உன் கூடப் பிறந்த தங்கச்சி
செல்வி