கீது எவன் சொத்து?

12 பிப்ரவரி 2024

காற்றில் கடைப் பலகை மறுபடி கழன்றது. ஆணி அடித்தேன். அம்மா நீல பெயின்ட்டில் எழுதியது: 'மீன் கீது'. பட்டினப்பாக்கத்தில் எங்கள் வறுவல் கடைக்குப் பெயரே அதுதான்.

மதியம் வக்கீல் நோட்டீஸ். ஆழ்வார்பேட்டையில் 'கீது' என்று ஏசி உணவகம் திறந்திருக்கிறார்களாம். அந்தப் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்திருக்கிறார்களாம். நாங்கள் பலகையை இறக்க வேண்டுமாம்.

அம்மா கேட்டாள்: "கீதுன்றத வாங்கிட்டானுங்களா? அப்ப மீனு கீதான்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

13 பிப்ரவரி

ஆத்திரம் அடங்கவில்லை. பள்ளியில் 'இருக்கு' என்பதற்குப் பதில் 'கீது' என்று சொன்னதற்கு என்னை பெஞ்சு மேல் ஏற்றினார்கள். நான் சொன்னா சேரி பாஷை. இவனுங்க சொன்னா பிராண்டு. தூ.

20 பிப்ரவரி

ஆயத் என்னோடு படித்தவள், இப்போது வக்கீல். அவர்களுடைய விண்ணப்பத்தை போனில் காட்டினாள். சொல்லுக்கு அர்த்தம் கேட்ட இடத்தில், 'அர்த்தம் இல்லை, நாங்கள் உருவாக்கிய சொல்' என்று எழுதியிருக்கிறார்கள்.

"ஊரே பேசுற வார்த்தைய ஒருத்தன் சொந்தமாக்க முடியாது மச்சி. எதிர்ப்பு மனு போடுறோம்." ஃபீஸ்? நெத்திலி வறுவல்.

9 செப்டம்பர் 2025

ஒருவழியாக விசாரணை. வீடியோவில். ஆயத், நான், அம்மா, ஒரே லேப்டாப்.

அவர்கள் வக்கீல் உருகினார்: "இது என் கட்சிக்காரரின் கற்பனையில் பிறந்த சொல்." பதிவு அதிகாரி ஏதோ ஆவணம் கேட்டார். வக்கீல் திரும்பித் தன் குமாஸ்தாவிடம், "அந்த ஃபைல் எங்கப்பா?" என்றார். மைக்கை அணைக்கவில்லை.

"தோ கீது சார்!"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் சிரித்தது அம்மாதான்.

3 நவம்பர்

பதிவு மறுக்கப்பட்டது. எங்கள் பலகை? கீது!

17 நவம்பர்

பக்கத்துக் கடை தேவானை அக்கா புதுப் பலகை மாட்டியிருக்கிறாள். 'நன்டு கீது'. அதே நீலம், எழுத்தில் அதே சாய்வு. வெட்கமே இல்லையா? நோட்டீஸ் விடலாமா என்று கேட்க ஆயத்துக்கு போன் போட்டேன்.

அம்மா மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "ஊரு வார்த்தைன்னு நீதானேடி மனு போட்ட? தேவானை இன்னா வெளியூரா?"

போனை வைத்துவிட்டேன்.

18 நவம்பர்

மிச்ச பெயின்ட்டை எடுத்துக்கொண்டு போய் 'நன்டு'வைத் திருத்தினேன்.

"இன்னாடி பண்ற?"

"ஒரு சுழி கம்மியா கீது, அக்கா."

வரும்போது கையில் ஒரு நண்டைத் திணித்தாள்.