பீஸ் லில்லிக்கு இனிமே தண்ணி ஊத்தாதீங்க

மச்சான்,

நான் சிதம்பரம் போறேன், எங்கூடப் பொறந்த ராத்தா வீட்டுக்கு. கோவிச்சுக்கிட்டுப் போகல, அவுங்களுக்கு இன்னைக்குப் பல் புடுங்குறாங்க. சாயங்காலம் வந்துடுவேன். மீன் ஆணம் அடுப்பு மேல இருக்கு, சோறு குக்கர்ல.

பீஸ் லில்லிக்கு இனிமே ஒரு சொட்டு தண்ணி ஊத்தாதீங்க. இலை தொங்குறது தாகத்துல இல்ல. விடியக்காலைல சுபுஹுக்குக் கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டு மிச்சத் தண்ணிய நீங்க அந்தத் தொட்டியில ஊத்துனத இன்னைக்குத்தான் பாத்தேன். அப்ப அஞ்சு வக்துக்கும் அப்படித்தானே? அது செடி மச்சான், அதுக்குத் தொழுகை கடமை இல்ல.

இது தெரியாம நானும் காலையில, ராத்திரி ஊத்திக்கிட்டு இருந்தேன். "இவ கையில கள்ளிச்செடி கூட காஞ்சிடும்"னு ராத்தா முன்னாடி சொன்னீங்கல்ல, அந்த ரோஷம். நாம ரெண்டு பேரும் பேசாம இருந்ததுல அது முழுகிப்போச்சு.

புடுங்கிப் பாத்தா வேர் அழுகி சாக்கடை நாத்தம். அழுகுனத வெட்டிட்டு, அடியில ஓட்டை இருக்குற தொட்டியில புது மண்ணு போட்டு நட்டு, ஜன்னலோரம் வச்சிருக்கேன். பாவமா இருக்கேன்னு வெயில்ல தூக்கி வைக்காதீங்க. போன சண்டைய முடிக்க மஞ்சக்குப்பத்துலேர்ந்து நீங்களே வாங்கிட்டு வந்த செடி.

தஸ்னீம்

மறந்துட்டேன்: மண்ணுல விரல விட்டுப் பாத்து, காஞ்சிருந்தாத்தான் ஊத்தணும். அதுக்கும் முன்னாடி, "நீ ஊத்துனியா"ன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்.

நான் இன்னைக்கு ஊத்தல. இருந்தாலும் வந்ததும் கேளுங்க.