தெரிந்த எடை

மார்ச் 4
பட்டறையில் ஒரு தராசைப் பிரித்துப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தேன். குற்றமா? மகள் பார்த்துவிட்டாள். "அப்பா, குறட்டை விடுறப்ப உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. ஆஸ்பத்திரியில அதைப் பத்தி ஆராய்ச்சி நடக்குது. உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

என்னைக் கேட்காமல்! நாற்பது வருடமாக யாரிடமும் கைகட்டி நிற்காமல் நானே பிரித்துப் பார்த்துக் கற்ற தொழில். எனக்கு மூச்சுவிடக் கற்றுத்தரப் போகிறார்களாம்.

மார்ச் 9
சின்னப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். நெஞ்சில் பட்டை, மூக்கில் குழாய், விரலில் கவ்வி. ஓர் இரவு கட்டிக்கொண்டு படுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "இது சரியாத்தான் காட்டும்னு என்ன அத்தாட்சி?" என்றேன். மருத்துவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சிரித்தார். "அதையும் சேத்துத்தான் ஐயா ஆராய்ஞ்சிட்டு இருக்கோம்." அப்படி வா வழிக்கு.

தராசைச் சோதிக்க ஒரே வழி, எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்பது. இந்த வீட்டில் குறையில்லாத தூக்கம் யாருக்கு? தூங்குமூஞ்சிக்கு. என் மனைவிக்கு நான் வைத்த பேர் அது, முப்பது வருடமாக. குறட்டை கிடையாது. படுத்தால் கட்டை. பகலில் காய் நறுக்கும்போதே தலை சாயும். அவளுக்குக் கட்டிவிட்டேன்.

"உங்க கிறுக்குத்தனத்துக்கு நான்தான் கெடைச்சேனா?" என்றாள். அடுத்த பேச்சுக்குள் தூங்கிவிட்டாள்.

மார்ச் 10
பெட்டியைக் கொடுத்தாயிற்று. கட்டிக்கொண்டது யார் என்று வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 17
மணிக்கு முப்பத்தெட்டு முறை எனக்கு மூச்சு தடைபடுகிறதாம். பிடித்தேன்!

"இது என் மூச்சே இல்ல. குறட்டையே விடாத என் சம்சாரத்தோடது. உங்க பெட்டி புளுகுது" என்று மேசையைத் தட்டினேன்.

மருத்துவர் கோபிக்கவில்லை. "அம்மாவுக்குக் காலையில தலைவலி வருமா, ஐயா?"

வரும். தினமும்.

"பகல்ல அசதி? மறதி?"

மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"பொம்பளைங்களுக்குப் பெருசா குறட்டை இல்லாமலும் இது வரும். அசதியா இருக்குன்னு சொன்னா, வயசாயிடுச்சுன்னு அனுப்பி வச்சிடுறோம்."

வயசு என்றவர்கள் மருத்துவர்கள். தூங்குமூஞ்சி என்றவன் யார்?

மார்ச் 18
பெட்டியில் கோளாறு இல்லை. கல்லின் எடைதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மார்ச் 26
அவளை ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து மறுபடி பார்த்தார்கள். மணிக்கு நாற்பத்தொன்று.

ஏப்ரல் 2
காற்றை அழுத்தி மூக்குக்குள் அனுப்பும் இயந்திரம் வந்துவிட்டது. மூன்று நாளாக முகமூடியைக் கழற்றி எறிகிறாள். "தும்பிக்கை முளைச்ச மாதிரி இருக்கு. நீங்க ஒரு நாள் போட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்."

கன்னத்தோரம் காற்று கசிகிறது. மகள் பட்டையை இன்னும் இறுக்கினாள், இன்னும் கசிந்தது. எதையும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களைப் பட்டறையிலும் பார்த்திருக்கிறேன். தராசு முள்ளைச் சரிசெய்வதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். நின்றது.

ஏப்ரல் 21
காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். தலைவலி இல்லை.

"கனவு வந்துச்சுங்க. கனவு வந்தே எத்தனை வருஷமாச்சு!"

"என்ன கனவு?"

"வழக்கம்போல தூங்குமூஞ்சின்னு கூப்பிட்டீங்க. நல்லா திருப்பிக் கொடுத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்க."

நான் அப்படி நிற்கிற ஆளா? கனவுதானே.

அந்தப் பெட்டியை மறுபடி வாங்கிவரச் சொல்லி மகளிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை எனக்கு. பட்டையை என் மனைவியே கட்டிவிடுகிறாளாம். இறுக்கித்தான் கட்டுவாள். கட்டட்டும்.