கண்டியில் இரண்டு வரிசைகள்

பாரிஸ்
02.06.2024

அன்பு மனைவி ரூபிக்கு,

நான் சுகம். நீயும் என் அம்மாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஒருவழியாகப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கையில் வந்துவிட்டது. யூலையில் வந்து மூன்று கிழமை நிற்பேன். பன்னிரண்டு வருடம் கழித்து உன் கையால் சுறா வறை சாப்பிடப் போகிறேன்.

திரும்பிப் பிளேன் ஏறும் நாளில் விடியவே வான் பிடித்து வெளிக்கிடுவோம். நீ பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்க்காமல் விட்ட கண்டி மாளிகையைப் பார்த்துவிட்டு அப்படியே கட்டுநாயக்கா விமான நிலையம் போகலாம். உன்னை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் கதையை நேரில் பேசுவோம். போனில் அதைக் கதைத்தால் நீ அழுகிறாய், பிறகு எனக்கு வேலை ஓடாது. அதுதான் எழுதுகிறேன்.

உன் அன்புக் கணவன்
றொசான்


கள்ளப்பாடு, முல்லைத்தீவு
29.07.2024

என் அன்பு அத்தானுக்கு,

போய்ச் சேர்ந்ததாக மாமிக்குப் போன் எடுத்தீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், என்னைக் கேட்கவில்லை. மாமிக்கு முழங்கால் வீக்கம் கூடிவிட்டது. பிடித்துவிட்டால்தான் நித்திரை கொள்கிறா. உங்கள் தலையணை உறையை நான் இன்னும் தோய்க்கவில்லை.

கண்டியைப் பற்றி எழுதாமல் விடத்தான் பார்த்தேன். முடியவில்லை. வாசலில் உங்களை ரிக்கற் எடுக்க வெளிநாட்டவர் வரிசைக்கு அனுப்பினார்கள். எனக்கு உள்ளூர் வரிசை, ரிக்கற் தேவையில்லை. “ஒரு புருசன் பெண்சாதிக்கு ரெண்டு வரிசையோ?” என்று பகிடி விட்டேன், நீங்களும் சிரித்தீர்கள். நான் முதலில் உள்ளே போய்ப் படியடியில் காத்து நின்றேன். நீங்கள் வரும்போது, வரிசையில் சந்தித்த, உங்களுக்கு அங்கே பழக்கமான பாரிஸ் குடும்பம் ஒன்றும் கூட வந்தது. அந்த அக்கா என்னைப் பார்த்து, “இவா ஆர், றொசான்?” என்று கேட்டா.

“தங்கச்சி” என்றீர்கள்.

அவா என் கையைப் பிடித்து, “அண்ணியையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு வரேல்லைப் பாத்தீங்களே! பெடியன் அண்ணாவை உரிச்சு வைச்சிருக்கிறான்” என்றா. நான் ஓம் என்றேன்.

பிறகு மாளிகை முழுவதும் சுற்றினோம், நீங்கள் படம் எடுத்தீர்கள். கடைசி அரசனை நாடு கடத்தியபோது அரசிமாரையும் கூடவே கப்பலேற்றினார்கள் என்று படித்தது அங்கே நினைவுக்கு வந்தது. அவனாவது கூட்டிக்கொண்டு போனான். விமான நிலையம் வரை நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. தனியே திரும்பி வரும்போது வவுனியா தாண்டும் வரை அழுதேன்.

அத்தான், அந்த அக்கா ஆள் மாறிச் சொல்லிவிட்டா என்று ஒரு வரி எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் நான் நம்புவேன்.

உங்கள்
ரூபி


பாரிஸ்
08.09.2024

ரூபிக்கு,

வேலை கூடிப்போனதால் எழுதப் பிந்திவிட்டது. அந்த ஆட்கள் ஊரெல்லாம் கதை காவுகிறவர்கள். சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன், அதைப் பெரிதாக்காதே. நீ என்றைக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். ஸ்பொன்சர் இப்போதைக்குச் சரிவராது, இங்கே சட்டமெல்லாம் இறுக்கம். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லிப்போடாதே, தாங்க மாட்டா. உன்னை விட்டால் அவவுக்கு யார்? முழங்காலுக்குப் பூச மருந்து அனுப்பியிருக்கிறேன்.

றொசான்


கள்ளப்பாடு, முல்லைத்தீவு
06.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மருந்து கிடைத்தது. பூசிவிட்டேன், அம்மாவுக்கு வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. இனி நான் அவவை அம்மா என்றுதானே கூப்பிட வேண்டும். முதல் தரம் கூப்பிட்டபோது, “என்னடி பிள்ளை, புதுசா?” என்று சிரித்தா. சந்தோசப்பட்டா. நான் ஒன்றும் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

ஒரு வரி கேட்டேன். அந்தப் பொய்யைக்கூட எனக்காகச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. கோபமில்லை என்று எழுத மாட்டேன், நிறைய இருக்கிறது. ஆனால் எனக்குப் போக வேறு வீடில்லை, அது உங்களுக்கும் தெரியும். கழுத்தில் தாலிக்கொடி கிடக்கிறது. கழற்றினால் அம்மா கேட்பா.

கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிட்டது, மீன் குறைவு. தலையணை உறையைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டேன்.

அண்ணியையும் சின்னவனையும் நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். அவனுடைய படம் ஒன்று அனுப்பினால் நல்லது. அம்மாவுக்குக் காட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
ஜெயரூபினி